சிவப்பு முகத்தை அழுத்திய என் மகளுக்கு

பாப்பா,

நலமா என்று கேட்கப் போவதில்லை. நீ அடுத்த அறையில்தான் இருக்கிறாய். கதவைச் சாத்திக்கொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய். ஒரு சுவர் தள்ளி இருக்கிற மகளுக்கு எதற்குக் கடிதம் என்று உன் அம்மா கேட்டுவிட்டாள். நேற்று சாயங்காலத்திலிருந்து நீ என்னோடு பேசவில்லை, அதனால் கடிதம். சரி, அதைப் படப்பை அச்சகக்காரர் நடத்துகிற மாதப் பத்திரிகைக்கு எதற்குக் கொடுக்க வேண்டும் என்பது அவளுடைய அடுத்த கேள்வி. அதற்குக் காரணம் இருக்கிறது. ஒட்டிய கவரைத்தான் நாலு பேர் பிரித்துப் பார்ப்பார்கள். பத்திரிகையில் வருவதை எவன் படிக்கிறான்? உலகத்தில் அச்சுக் காகிதத்தைப் போலப் பாதுகாப்பான ஒளிவிடம் கிடையாது. கையால் எழுதிய பிரதி இன்று சாயங்காலமே உன் கதவுக்குக் கீழே வந்துவிடும். அச்சில் வரும்போது நாளைய திங்கட்கிழமை எப்போதோ கடந்து போயிருக்கும். ஒருவேளை எவனாவது படித்துத் தொலைத்தால் அவனுக்கும் புரிய வேண்டும் அல்லவா, அதனால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன், சலித்துக்கொள்ளாதே. கம்பெனியின் பெயர் எங்கேயும் வராது. நான் எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் என்பதால் பிழைகளை அச்சகக்காரர் திருத்துவார். பிழையை மட்டும்தான் திருத்துகிறாரா, வேறு எதையாவது உருவுகிறாரா என்று அவர்மேலும் ஒரு கண் வைத்திருக்கிறேன்.

நாளை காலை உனக்குக் கண் பரிசோதனை. பல நிறப் புள்ளிகள் நிறைந்த ஒரு புத்தகத்தைக் கம்பெனி டாக்டர் உன் முன்னால் விரிப்பார். புள்ளிகளுக்குள் ஒளிந்திருக்கும் எண்ணை நீ சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் ஒரு வம்பு, சொல்லாவிட்டால் இன்னொரு வம்பு. இரண்டையும் உனக்கு வாங்கிக் கொடுத்தவன் உன் அப்பன். கல்யாணச் சீராக என்ன வாங்கித் தருவாய் என்று கேட்டுக்கொண்டிருந்தாயே, முன்பணமாக இதை வைத்துக்கொள்.

கதை உன் கம்பெனிக் கேண்டீன் பலகையில்தான் ஆரம்பித்தது. தட்டைக் கழுவப் போடுகிற இடத்தில் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். ‘இன்றைய உணவு எப்படி?’ என்று ஒரு கேள்வி. கீழே சிரிக்கிற பச்சை முகம் ஒன்று, முகத்தைச் சுளிக்கிற சிவப்பு முகம் ஒன்று. அதற்கும் கீழே, ‘உங்கள் கருத்து ரகசியமாகப் பாதுகாக்கப்படும்’ என்று நல்ல தமிழில் எழுதியிருக்கிறது. ஆனால் முகத்தை அழுத்துவதற்கு முன்னால் கழுத்தில் தொங்குகிற அடையாள அட்டையை அந்தப் பலகையில் வைத்துத் தட்ட வேண்டும். தலைக்கு மேலே ஒரு கேமரா. இத்தனை காவல் இருக்கிற ரகசியத்தை நான் பார்த்ததில்லை. பச்சையை அழுத்தினால் டிங் என்று கோயில் மணிபோல ஒரு சத்தம். சிவப்பை அழுத்தினால் லாரி ரிவர்ஸ் எடுக்கிற மாதிரி ஒரு சத்தம், வரிசையே திரும்பிப் பார்க்கும். அதனால் எல்லாரும் பச்சை. நானும் பச்சை. சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனிலிருந்து உங்கள் எல்லாரையும் பஸ்ஸில் அள்ளிக்கொண்டு வருகிற டிரைவர் அங்கிள் நான், எனக்கும் அங்கே மதியச் சோறு உண்டு. சாம்பார் எப்படி இருந்தது என்று யோசிக்காமலே முழங்கையால் பச்சையை இடித்துவிட்டுப் போகிறவன் நான்.

போன வியாழக்கிழமை நீ சிவப்பை அழுத்தினாய். லாரி ரிவர்ஸ் எடுத்தது. பரிமாறுகிற மல்லிகா அக்கா உன் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்திருந்தேன், ஒரு எழுத்து விடாமல் கேட்டேன்.

“இன்னா பாப்பா பண்ணிட்டே? காண்ட்ராக்டரு என்னியல்ல கேப்பான்? பச்சைய அமுக்கிட்டுப் போனா கை தேஞ்சாப் பூடும்?”

“அக்கா, உம்மேல ஒண்ணும் இல்ல. தெனம் பச்சைய அமுக்கி அமுக்கிதான் பருப்பே காணாமப் போச்சு.”

அந்த வாக்கியத்தை நான் பஸ்ஸில் திரும்பி வரும்போது வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். என் பெண் பேசியது என்று பெருமையாகவும் இருந்தது, யார் யார் கேட்டார்களோ என்று கவலையாகவும் இருந்தது. கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தேன். எல்லாரும் தூங்குகிற மாதிரி இருந்தார்கள். தூங்குகிறவனைக்கூட எனக்கு நம்பிக்கை இல்லை.

நான் ஏன் இப்படி ஆனேன் என்று நீ கேட்பாய். பாப்பா, அடிக்கிற ராஜாக்களைப் பற்றி வரலாற்றுப் புத்தகத்தில் இருக்கிறது. எனக்குச் சம்பளம் கொடுத்தவர்கள் வேறு வகை. அடிக்கவே மாட்டார்கள். சிரிப்பார்கள். ‘உங்க நல்லதுக்குத்தான்’ என்பார்கள். பாதி நேரம் அது நல்லதாகவும் இருக்கும், அங்கேதான் ஆபத்து. அந்த வகை ஆட்சியை எங்கே பார்த்தாலும் நான் மோப்பம் பிடித்துவிடுவேன். அதற்கு நான் கண்டுபிடித்த வழி ஒன்று இருக்கிறது, வெளிநாட்டுப் படிப்பு படித்தவனுக்குக்கூடத் தெரியாது. ஒரு நாட்டில் பேச்சு எப்படி இருக்கிறது என்று அறிய வேண்டுமா? அங்கே சோறு சரியில்லை என்பதை எப்படிச் சொல்கிறார்கள் என்று பார். போதும்.

முதலில் வளைகுடா. எந்த நாடு என்று எழுத மாட்டேன், மறுபடி விசா தேவைப்படலாம். அங்கே ஒட்டகத்தைத் தவிர நான் ஓட்டாதது இல்லை. சாலை என்றால் அப்படி ஒரு சாலை, இலை போடாமலே சோற்றைக் கொட்டிச் சாப்பிடலாம். சம்பளம் தேதி தவறாது. வாசலில் செருப்பை விட்டுவிட்டு மறுவருடம் வந்தாலும் அங்கேயே இருக்கும். இதையெல்லாம் நான் மறைக்க மாட்டேன், நம் ஊரில் கோயில் வாசலில் விட்ட செருப்பு தீபாராதனை முடிவதற்குள் போய்விடுகிறது. ஆனால் எங்கள் அறையில் ஒரு வழக்கம் இருந்தது. ஆள்கிறவரையோ முதலாளியையோ யாரும் பெயர் சொல்லிப் பேச மாட்டார்கள். ‘மாமனார்’ என்பார்கள். திருநெல்வேலிப் பக்கத்து அண்ணாச்சி ஒருவர் எனக்குக் கட்டில் தோழர். நான் போன புதிதில், “ஒம்ம மாமனாரு ரோடு போட்டிருக்காரு பாத்தீரா? வழுக்கிட்டுல்லா போவுது!” என்றார். “எம் மாமனாரு திருமழிசைல கொத்தனாரு அண்ணாச்சி, அவரு எங்க இங்க வந்து ரோடு போட்டாரு?” என்றேன். அறையே உருண்டு சிரித்தது. சிரித்து முடித்ததும் ஒருவன் எழுந்து போய்க் கதவுக்கு வெளியே எட்டிப் பார்த்துவிட்டு வந்தான். அந்த எட்டிப் பார்த்தலைத்தான் நான் இன்றுவரை மறக்கவில்லை.

அங்கே சோறு மண்ணெண்ணெய் வாசம் அடிக்கும். வெள்ளிக்கிழமைதோறும் மேலாளர் வெள்ளைச் சட்டையில் வந்து, “சாப்பாடு குட்?” என்பார். “வெரி குட் சார்” என்போம். அண்ணாச்சி மட்டும், “வெரி வெரி குட் சார்” என்பார். ஏன் அண்ணாச்சி இப்படி என்று கேட்டேன். “எலே, நல்லாருக்குன்னு சொன்னா நாளைக்கும் இதே சோறு. நல்லால்லன்னு சொன்னா நாளைக்கு வேற ஊரு. ஒனக்கு எது வேணும்?” என்றார். உலகத்து அரசியல் எல்லாம் அந்த இரண்டு வரியில் அடங்கிவிட்டது. நீ சின்னப் பெண்ணாக இருந்தபோது நான் உனக்குச் சொன்ன கதை ஒன்று உண்டே, ஒரு வெள்ளிக்கிழமை நான் எழுந்து நின்று ‘இது சோறா, சுண்ணாம்பா?’ என்று கேட்டேன், மேலாளர் வெலவெலத்துப் போய் மறுநாளே பாசுமதி இறக்கினார் என்று. நேற்று நீ அதைத்தான் என் முகத்தில் விட்டெறிந்தாய். பாப்பா, அந்தக் கதையில் நான் எழுந்து நின்றது சத்தியம். தண்ணீர் எடுக்க எழுந்தேன். பேசியதும் சத்தியம். சத்தம் மட்டும் வெளியே வரவில்லை. பாசுமதியைக் கதைக்கு ருசியாக இருக்கட்டும் என்று நான்தான் போட்டேன்.

பிறகு சிங்கப்பூர். அந்த ஊரைப் பற்றி எவன் குறை சொன்னாலும் எனக்குக் கோபம் வரும். குழாயைத் திறந்து அப்படியே குடிக்கலாம். ஷிஃப்டு முடிந்து தனியாகப் போகிற பெண்ணை எவனும் திரும்பிப் பார்க்க மாட்டான். உன்னை நினைத்து, அந்த ஊரைப் பார்த்து நான் பலமுறை பொறாமைப்பட்டிருக்கிறேன். பேசுவதற்கென்றே அங்கே ஒரு பூங்கா வைத்திருக்கிறார்கள், பெயரைப் பதிந்துவிட்டுப் போய்ப் பேசலாம். எங்களைப் போல வேலைக்கு வந்த வெளிநாட்டு ஆட்களுக்கு அங்கே பேச அனுமதி இல்லை. நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் புல்லில் போய்ச் சும்மா உட்கார்ந்தேன். பெரிதாக ஒரு தும்மல் வந்தது. அடக்கிக்கொண்டேன். எதற்கு வம்பு?

ஆனால் அதே ஊரில் என்னிடமும் ஒரு கருத்துக் கேட்டார்கள். எங்கே தெரியுமா? கழிப்பறையில். கை கழுவிவிட்டு வெளியே வந்தால் சுவரில் ஒரு பலகை, அதில் சிரிக்கிற முகத்திலிருந்து அழுகிற முகம் வரை வரிசையாக. நம் கேண்டீன் பலகைக்கு அதுதான் அண்ணன். பிறந்ததிலிருந்து எந்தப் பெரிய மனிதரும் என்னிடம் ‘உன் கருத்து என்ன?’ என்று கேட்டதில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தச் சந்தோஷத்தில், பலகையில் அழுகிற முகத்தைப் படபடவென்று அழுத்தினேன். கழிப்பறை பளிங்குமாதிரிதான் இருந்தது, ஆனாலும் பேச்சுரிமை கிடைத்தால் எவனாவது விடுவானா? கொஞ்ச நேரத்தில் ஒரு வயதான துப்புரவாளர் ஈரத் துடைப்பத்தோடு ஓடி வந்தார். என்னைவிட மூத்தவர், முழங்கால் வலி நடையிலேயே தெரிந்தது. தரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “பாஸ், ஐ ஜஸ்ட் கிளீன்” என்றார், இப்போதுதான் துடைத்தேன் என்று அர்த்தம். அவ்வளவுதான். மறுபடி முழுவதும் துடைத்தார். நான் அங்கேயே நின்று சிரிக்கிற முகத்தை அழுத்திக்கொண்டே இருந்தேன். அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். பெரியவர்கள் நம்மிடம் கருத்துக் கேட்கிற பொத்தானுக்குப் பின்னால் ஒரு கம்பி போகிறது, அது பெரியவர்கள் வரைக்கும் போவதே இல்லை. வழியில் துடைப்பம் பிடித்திருக்கிற ஒருவரைக் குத்திவிட்டு நின்றுவிடுகிறது.

நம் ஊருக்கு வா. நம் ஊரில் வாய்க்குப் பூட்டு இல்லை என்று மார்தட்டிக்கொள்கிறோம். வாஸ்தவம்தான். ஒரகடம் கூட்டுரோட்டு டீக்கடையில் பிரதமரையும் முதலமைச்சரையும் ஒரே மூச்சில் திட்டிவிட்டு அதே மூச்சில் சர்க்கரை கம்மியாகப் போடச் சொல்லலாம். ஒருவனும் கேட்க மாட்டான். வளைகுடாவிலிருந்து வந்த புதிதில் அதைக் கேட்கவே தினமும் அந்தக் கடைக்குப் போவேன், காதுக்குக் கச்சேரி மாதிரி இருக்கும். ஆனால் அதே ஆளிடம் அவனுடைய லைன் சூப்பர்வைசரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டுப் பார். கிளாஸைக் கீழே வைப்பான். பக்கத்தில் யார் என்று பார்ப்பான். “நல்ல மனுசன்ணா” என்பான். தூரத்து ராஜாவைத் திட்ட நமக்கு உரிமை உண்டு, பக்கத்து ராஜாவைத் திட்டத்தான் கிடையாது. இப்போது டீக்கடையிலும் ஒரு புதுப் பழக்கம் பார்க்கிறேன், அரசியல் பேசுவதற்கு முன்னால் போனைக் குப்புறக் கவிழ்த்து வைக்கிறார்கள். கவிழ்த்து வைத்தால் அதற்குக் காது கேட்காதாமா? எனக்குத் தெரியாது. நானும் கவிழ்த்துத்தான் வைக்கிறேன்.

இத்தனை அனுபவம் உள்ளவன் முந்தாநாள் என்ன செய்தேன் என்பதை இப்போது எழுத வேண்டும். ஷிஃப்டு இறக்கிவிட்டு பஸ்ஸைக் கழுவிக்கொண்டிருந்தபோது ஹெச்.ஆர். தம்பி ஆள் அனுப்பினான். ஏசி அறை. டீ, கூட ஒரு தட்டில் முந்திரி பிஸ்கட். டிரைவருக்கு முந்திரி பிஸ்கட் வந்தால் பிஸ்கட்டைப் பார்க்கக் கூடாது, கதவு எந்தப் பக்கம் என்று பார்க்க வேண்டும். பார்த்தேன். சாத்தியிருந்தது.

“ஒண்ணுமில்ல அங்கிள், சும்மா ஒரு டவுட்டு. சந்தியா எப்பவும் பச்சை, இப்ப திடீர்னு சிவப்பு. யாராவது பேசிவிட்டாங்களா? வெளி ஆளுங்க யாரோடயாவது பழக்கமா?”

“அய்யோ, அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார்.”

“இல்ல அங்கிள், பினாங்கு லிஸ்ட்ல அவங்க பேரு இருக்கு. அதான் கேக்குறேன். அவங்க நல்லதுக்குத்தான்.”

மலேசியாவில் இருக்கிற அவர்களுடைய இன்னொரு ஆலைக்கு உன்னை அனுப்பப் போகிறார்கள் என்பதை நான் ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறேன். வீட்டு வாசலுக்குப் ‘பினாங்கு இல்லம்’ என்று பெயர்ப்பலகைக்கே ஆர்டர் கொடுக்கிற அளவுக்குச் சொல்லிவைத்திருக்கிறேன். ‘நல்லதுக்குத்தான்’ என்ற வார்த்தை காதில் விழுந்ததும் வளைகுடாக் கதவும் சிங்கப்பூர்த் துடைப்பமும் ஒன்றாக ஞாபகம் வந்துவிட்டன. உன்னை யாரும் தூண்டிவிடவில்லை, சாம்பாரில் பருப்பு இல்லை, அவ்வளவுதான் என்று ஒரே வரியில் சொல்லியிருக்கலாம். உண்மை அவ்வளவு சின்னதாக இருந்தது. சின்னதாக இருந்ததால் அவன் நம்ப மாட்டான் என்று எனக்குத் தோன்றிவிட்டது. சந்தேகப்படுகிறவனுக்குப் பெரிய கதை வேண்டும், கதைக்கு நம்மிடம் பஞ்சமா?

“சார், வெளிய சொல்லாத விஷயம். அதுக்குப் பொறந்ததுலருந்தே சிவப்பும் பச்சையும் ஒண்ணுதான் சார். நெறம் தெரியாது.”

அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. ரெண்டாவது படிக்கும்போது நீ கிளிக்குச் சிவப்பு அடித்து டீச்சரிடம் குட்டு வாங்கினாய் என்றேன். பழுத்த மிளகாய் எது, பச்சை மிளகாய் எது என்று தெரியாமல் உன் அம்மாவிடம் கேட்பாய் என்றேன். புடவைக்கு ஜாக்கெட் எடுத்துக் கொடுப்பதே அவள்தான் என்றேன். “பாவம் சார், பச்சைன்னு நெனச்சு சிவப்ப அமுக்கிடுச்சு” என்று முடித்தபோது எனக்கே உன்மேல் இரக்கம் வந்துவிட்டது. ஹெச்.ஆர். தம்பி முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. பிஸ்கட் தட்டை என் பக்கம் தள்ளினான். ஒன்றை எடுத்துக் கடித்த பிறகுதான் கேட்டான்.

“அங்கிள், அவங்க ஒயர் செக்கிங்லதானே இருக்காங்க?”

“ஆமா சார். அவ ஓகே சொல்லாம ஒரு காரு வெளிய போவாது.”

“அந்த ஒயரெல்லாம் கலர் பாத்துத்தானே அங்கிள் செக் பண்ணுவாங்க?”

பாப்பா, தினமும் உன்னை என் பஸ்ஸில்தான் ஏற்றிக்கொண்டு போகிறேன். உன் வேலையைப் பற்றி இந்தப் பிராந்தியத்தில் நான் அளக்காத ஆள் இல்லை. காருக்குள் போகிற ஒயர்க் கட்டில் சிவப்பு ஒயர் சிவப்பு ஓட்டைக்கும் பச்சை ஒயர் பச்சை ஓட்டைக்கும் போயிருக்கிறதா என்று பார்ப்பதுதான் உன் வேலை என்பது எனக்கு அந்த நிமிஷம் வரை தெரியாது. ‘இன்ஜினியர் மாதிரி’ என்று ஊருக்குச் சொல்லிவிட்டேனே தவிர, நீ கையில் என்ன பிடித்துக்கொண்டு வேலை செய்கிறாய் என்று உன்னிடம் ஒருநாள்கூடக் கேட்டதில்லை.

அவன் கோபப்படவில்லை. இந்த வகைக்குக் கோபம் வராது. திங்கட்கிழமை கண் டெஸ்ட் வைத்துக்கொள்ளலாம் என்றான். எண் தெரியவில்லை என்றால் உன்னைப் பேக்கிங்குக்கு மாற்றிவிடுவார்கள், வேலைக்கு ஆபத்து இல்லை, பினாங்கு மட்டும் இருக்காது. எண் தெரிகிறது என்றால், அப்போது சிவப்பை ஏன் அழுத்தினாய் என்று நீ ஒரு விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும். “எதுன்னாலும் அவங்க இஷ்டம் அங்கிள்” என்றான். குத்துகிறவன் கத்தியைக் காட்டிவிட்டுத்தான் குத்துவான், இவன் தலையணையைக் காட்டுகிறான்.

நேற்று வீட்டுக்கு வந்து நான் இதைச் சொன்னபோது நீ முதலில் சிரித்தாய். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

“இன்னாப்பா, என்னியக் குருடி ஆக்கிட்டு வந்துட்டியா?”

“உன்னியக் காப்பாத்தத்தான் பாப்பா.”

“யாருகிட்டருந்து? சாம்பாருகிட்டருந்தா?”

உன் அம்மா அடுப்படியிலிருந்தே, “அந்தாளு வாயில ஒரு நா தாப்பாளு போட்டாத்தான் இந்த வூடு உருப்படும்” என்றாள். நீ உள்ளே போய் ஒரு கை மிளகாயை அள்ளிவந்து என் முன்னால் தட்டில் கொட்டினாய். பழுத்தது ஒரு பக்கம், பச்சை ஒரு பக்கம் பிரித்து வைத்தாய். நிதானமாக, ஒயர் பார்க்கிற மாதிரியே. “எல்லா ஊர்லயும் எழுந்து நின்னு கேட்டேன்னு சொன்னியேப்பா. அத நம்பித்தான நானும் அமுக்குனேன்” என்றாய். பிறகு கதவைச் சாத்திக்கொண்டாய். அந்தத் தட்டு இன்னும் என் முன்னால்தான் இருக்கிறது. மிளகாயை எடுத்துவைக்க உன் அம்மாவும் வரவில்லை.

இன்று காலை நான் மல்லிகா வீட்டுக்குப் போய்வந்தேன். உன் சிவப்புக்குப் பிறகு காண்ட்ராக்டர் அவளை இரண்டு நாள் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டானாம். என்னைப் பார்த்ததும் பிடிபிடியென்று பிடித்துக்கொள்வாள் என்று பயந்துகொண்டே போனேன். திட்டினாள்தான். “பருப்பக் கொறைக்கிறது அவன், பேச்சு வாங்கறது நானு. ஒம் பொண்ணுக்கு வேற பொத்தானே கெடைக்கலயா?” என்றாள். திட்டி முடித்துவிட்டு, “ஆனா ஒண்ணுண்ணா, நேத்து சாம்பார்ல பருப்பு இருந்துச்சாம். கூட வேலை செய்றவ சொன்னா” என்றாள். சொல்லும்போது ஒரு சிரிப்பு. அவளுக்கு இரண்டு நாள் கூலி போய்விட்டது, சிரிக்கிறாள். இதில் யார் ஜெயித்தார்கள் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. பருப்புக்கூட எதையோ மறைக்கத்தான் போட்டிருப்பானோ என்றுதான் முதலில் தோன்றியது. என் புத்தி அப்படி.

பாப்பா, இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தபோது நான் உனக்குச் சொல்ல நினைத்த புத்திமதி வேறு. டாக்டர் புத்தகத்தை விரித்தால் எண்ணைக் கொஞ்சம் தப்பாகச் சொல்லிவிடு, பேக்கிங்கில் போய் உட்கார், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அண்ணாச்சி இருந்திருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பார். அவர் சொன்னது தப்பு என்றும் நான் சொல்ல மாட்டேன். அவருக்கு ஊரில் மூன்று பெண்கள் இருந்தார்கள், ‘வெரி வெரி குட்’ சொல்லித்தான் மூன்று கல்யாணத்தையும் முடித்தார். கதவுக்கு வெளியே எட்டிப் பார்த்துவிட்டு வந்தவனையும் நான் கோழை என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்தத் தட்டில் இருக்கிற மிளகாயைப் பார்த்துக்கொண்டு அதை எழுத முடியவில்லை. சிவப்பைச் சிவப்பு என்று சொல்வதற்குத்தான் அந்தக் கம்பெனி உனக்குச் சம்பளமே கொடுக்கிறது. ஒயரில் சொன்னால் கெட்டிக்காரி, சாம்பாரில் சொன்னால் யார் தூண்டிவிட்டது என்கிறார்கள். காலை முழுக்க ஒயரைக் கண்ணால் பார், மத்தியானம் அரை மணி நேரம் கண்ணை மூடிக்கொள் என்றால் எந்தக் கண்ணுக்கு அது பழகும்? பழகிவிட்டால் அதற்குப் பிறகு அந்தக் கண்ணை நம்பி எவன் காரில் ஏறுவான்?

அதனால் எண்ணைப் பார்த்தால் எண்ணைச் சொல். விளக்கம் எழுதிக் கொடுக்கச் சொன்னால் சின்னதாக எழுது. என்னைப் போல எழுதாதே. மல்லிகா பெயரைக் கொண்டுவராதே, காண்ட்ராக்டர் பெயரையும் கொண்டுவராதே, பருப்பைப் பற்றி மட்டும் எழுது. பினாங்கு கிடைத்தால் போ. நான் அந்த நாட்டைச் சிங்கப்பூர்ப் பக்கத்துக் கரையிலிருந்து பார்த்திருக்கிறேன், தண்ணீருக்கு அந்தப் பக்கம் விளக்கெல்லாம் அழகாகத்தான் இருந்தது. அங்கேயும் ஒரு பலகை இருக்கும். அழுத்துவதற்கு முன்னால் அந்தக் கம்பி யாரிடம் போய் நிற்கிறது என்று ஒரு தடவை பார்த்துக்கொள். அந்த ஆளிடம் முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அழுத்து. பினாங்கு கிடைக்கவில்லை என்றால் பெயர்ப்பலகைக்காரனிடம் நான் பேசிக்கொள்கிறேன். உனக்கு அங்கே மீன் வாசம் ஒத்துக்கொள்ளவில்லை, நீயே வேண்டாம் என்றுவிட்டாய் என்று ஊருக்குச் சொல்வேன். அதற்கு மட்டும் எனக்கு அனுமதி கொடு.

நாளைக் காலை பஸ்ஸை உள்ளே நிறுத்தியதும், நீ டாக்டர் அறைக்குப் போவதற்கு முன்னால், நான் அந்த ஏசி அறைக்குப் போவேன். பிஸ்கட் கொடுத்தால் வேண்டாம் என்பேன். கதவு சாத்தியிருந்தால் திறந்துவைக்கச் சொல்வேன். இன்று காலையிலிருந்து அவனிடம் சொல்லப் போவதை மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறேன். நடுவில் உன் பாட்டனார், ஒரு கண் ஆஸ்பத்திரி, ஒரு ஜோசியக்காரன் எல்லாரும் வந்து வந்து நுழையப் பார்க்கிறார்கள், ஒவ்வொருவராக வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறேன். என் ஆயுளில் நான் இத்தனை சின்னதாக எதையும் சொன்னதில்லை. அச்சகக்காரர் இதில் கை வைக்காமல் இருந்தால் சரி.

“எம் பொண்ணுக்கு நெறம் நல்லாத் தெரியும் சார். பொய் சொன்னது நான். சாம்பாருதான் தண்ணியா இருந்துச்சு.”

உன் அப்பன்